செம்பை யார் பிடித்திருக்கிறார்கள்?

ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் மோர் ஊற்றி வைக்கக் கூடாது. புளிக்குழம்பு வைக்கக் கூடாது. எலுமிச்சம்பழச் சாதம் கலக்கக் கூடாது. நம் பாட்டிமார்களுக்கு இதையெல்லாம் யாரும் பாடம் எடுக்கத் தேவையிருக்கவில்லை. "களிம்பு ஏறிடும்டா" என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். தெருவில் ஈயம் பூசுகிறவர் குரல் கேட்டால் போதும், அண்டா, தவலை, அடுக்கு எல்லாம் வாசலுக்கு வந்துவிடும். ஆனால் பாலைப் பற்றி இந்த அளவு கண்டிப்பை நான் கேட்டதில்லை. பால் புளிப்பதில்லையே, அது என்ன செய்துவிடும் என்ற எண்ணமாக இருந்திருக்கலாம்.

அந்தப் பால் விஷயம் எவ்வளவு பெரியது என்று நான் தெரிந்துகொண்டது, வேலைக்காகப் புனேவுக்கு வந்து பல வருஷம் கழித்துத்தான். அதைச் சொல்வதற்குக் கொஞ்சம் வேதியியல் வரலாறு வேண்டியிருக்கிறது. ப்ளஸ் டூவோடு வேதியியலுக்குப் பெரிய கும்பிடு போட்டவர்களும் தைரியமாக வரலாம். சமன்பாடு ஒன்றுகூடக் கிடையாது.

1820-ல் பிரான்சில் ஹென்றி பிராகோனோ என்பவர் ஜெலட்டினைக் கந்தக அமிலத்தோடு கொதிக்க வைத்தார். இனிப்பான படிகம் ஒன்று கிடைத்தது. சர்க்கரை என்றே நினைத்தார். பிற்பாடு அதற்குக் கிளைசின் என்று பெயர் வந்தது. இனிப்பு என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து. புரதங்கள் என்ற பெரிய கட்டடத்தின் செங்கற்களான அமினோ அமிலங்களில் மிகச் சின்னது இதுதான். ஒரு முனையில் நைட்ரஜன், மறு முனையில் ஆக்சிஜன். இரண்டு முனைக்கும் உலோகத்தைக் கண்டால் ஒரு பிடிப்பு உண்டு.

மயில்துத்தம் தண்ணீரில் கரைந்தால் வெளிர்நீலம். அதில் கிளைசினும் கொஞ்சம் காரமும் சேர்த்தால் நிறம் சட்டென்று ஆழ்நீலமாகிறது. 1904-ல் ஜெர்மன் வேதியியலாளர் ஹைன்ரிக் லை இந்தச் செம்பு-கிளைசின் உப்பைக் கரைத்து, எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று பார்த்தார். சாதாரண உப்பு என்றால் கரைந்ததும் அயனிகளாகப் பிரிந்து நன்றாகக் கடத்த வேண்டும். இதுவோ மிகக் குறைவாகத்தான் கடத்தியது. ஆக, கரைசலில் செம்பு இருக்கிறது, ஆனால் தனியாகத் திரியவில்லை. கிளைசின் அதை நைட்ரஜனாலும் ஆக்சிஜனாலும் இரண்டு பக்கமும் பிடித்து உள்ளே வைத்துக்கொண்டிருக்கிறது என்றார் லை.

1920-ல் மார்கனும் ட்ரூவும் இப்படிப்பட்ட பிடிக்கு நண்டின் கொடுக்கை நினைத்துப் பெயர் வைத்தார்கள். நம் பாடப்புத்தகத்தில் அதைக் 'கொடுக்கிணைப்பு' என்று தமிழாக்கியவர் யாரோ, அவருக்கு ஒரு ஷொட்டு. மூலத்தில் இருந்த நண்டு தமிழிலும் உயிரோடு இருக்கிறது.

பிடி இருக்கிறது, சரி. எவ்வளவு இறுக்கம்? இதற்குப் பதில் வந்த ஊர் கோபன்ஹேகன். அங்கே கார்ல்ஸ்பர்க் என்ற பீர் கம்பெனியின் ஆய்வகத்தில்தான் 1909-ல் சோரன்சன் பிஹெச் என்ற அளவுகோலைக் கொண்டுவந்தார். (பீர் குடிப்பவர்கள் அறிவியலுக்குச் செய்த உதவி பற்றித் தனியாகவே எழுதலாம்.) அதே ஊர்க்காரர் நீல்ஸ் பியெரம், அமினோ அமிலம் தண்ணீரில் ஒரே நேரத்தில் நேர், எதிர் இரண்டு மின்னூட்டங்களையும் சுமந்துகொண்டு இருக்கிறது என்று 1923-ல் காட்டினார். அவருடைய மகன் யானிக் பியெரம் 1941-ல், ஜெர்மன் படைகள் டென்மார்க்கைப் பிடித்து வைத்திருந்த காலத்தில், ஓர் ஆய்வேடு வெளியிட்டார். உலோக அயனியைச் சுற்றி அம்மோனியா போன்ற மூலக்கூறுகள் ஒரே பாய்ச்சலில் வந்து ஒட்டுவதில்லை, ஒவ்வொன்றாகப் படிப்படியாக வருகின்றன, ஒவ்வொரு படிக்கும் ஓர் எண் உண்டு என்பது அதன் சாரம்.

அந்த எண்ணைக் கண்டுபிடிக்கும் வழி எனக்கு மிகவும் பிடித்தது. செம்பு வந்து உட்கார நினைக்கும் அதே இடத்தில், அமினோ அமிலத்தின் நைட்ரஜன் மேல், ஏற்கெனவே ஒரு ஹைட்ரஜன் அயனி உட்கார்ந்திருக்கிறது. பஸ்ஸில் துண்டு போட்ட சீட் மாதிரி. செம்பு அதை எழுப்பிவிட்டுத்தான் உட்கார முடியும். எழுந்த ஹைட்ரஜன் கரைசலுக்குள் வரும், அமிலத்தன்மை கூடும், பிஹெச் இறங்கும். ஒரு ப்யூரெட், ஒரு கண்ணாடி மின்வாய், கொஞ்சம் பொறுமை இருந்தால் எத்தனை பேர் எழுப்பப்பட்டார்கள் என்று எண்ணிவிடலாம். கண்ணுக்குத் தெரியாத பிடியின் இறுக்கத்தை வெளியே தள்ளப்பட்டவர்களைக் கொண்டு அளக்கிற வித்தை இது.

போர் முடிந்ததும் இந்த வித்தை உலகமெங்கும் பரவியது. ஆக்ஸ்ஃபோர்டில் இர்விங், வில்லியம்ஸ் இருவரும் 1948-ல் ஒரு வரிசையைச் சொன்னார்கள்: மாங்கனீசிலிருந்து இரும்பு, கோபால்ட், நிக்கல் என்று போகப்போகப் பிடி இறுகும், செம்பில் உச்சத்தைத் தொடும், துத்தநாகத்தில் தளரும். பிடிப்பது யாராக இருந்தாலும் பெரும்பாலும் இந்த வரிசை மாறாது. 1950-ல் ஏட்ரியன் ஆல்பர்ட் என்ற ஆஸ்திரேலியர் அமினோ அமிலங்களை வரிசையாக எடுத்து அளந்தார். கிளைசினுக்குக் கோபால்ட்டோடு உள்ள முதல் படி எண் 5-க்குச் சற்றுக் கீழே, நிக்கலோடு 6-க்குச் சற்றுக் கீழே, செம்போடு 8-க்குச் சற்று மேலே. இது மடக்கைக் கணக்கு; ஒன்று கூடினால் பத்து மடங்கு. அதாவது கிளைசின் கோபால்ட்டைவிடச் செம்பை ஆயிரக்கணக்கான மடங்கு இறுக்கமாகப் பிடிக்கிறது. உடம்புக்குள் செம்பு ஏன் தனியாகத் திரிவதே இல்லை என்பதற்கு இந்த ஓர் எண் போதும்.

ஆனால் இதில் ஒரு சங்கடம் உண்டு. இந்த எண்களெல்லாம் சுத்தமான தண்ணீரில் கொஞ்சம் உப்பைப் போட்டு அளந்தவை. உடம்பு சுத்தமான தண்ணீர் இல்லை. செல்லைச் சுற்றி இருப்பது கொழுப்புப் படலம். கல்லீரலிலிருந்து குடலுக்கு வரும் பித்தநீரில் இருப்பவை சோப்பு மாதிரி வேலை செய்யும் பித்த உப்புகள். உடம்பு வேண்டாத செம்பை வெளியேற்றுவதும் முக்கியமாக இந்தப் பித்தநீர் வழியாகத்தான். ஆகவே சோப்புத் தண்ணீரில் இந்தப் பிடி என்ன ஆகிறது என்று யாராவது கேட்டே ஆக வேண்டும்.

சோப்புத் தண்ணீரின் கதை வேறொரு ஊரில் தொடங்குகிறது. கனடாவில் பிறந்த ஜேம்ஸ் வில்லியம் மெக்பெய்ன், இங்கிலாந்தின் பிரிஸ்டலில் சோப்புக் கரைசலின் மின்கடத்துதிறனை அளந்துகொண்டிருந்தார். லைக்கு வந்தது குறைவாகக் கடத்துகிறதே என்ற சந்தேகம். மெக்பெய்னுக்கு வந்தது நேர் எதிரானது. சோப்புக் கரைசலில் கரைந்த துகள்களின் எண்ணிக்கையை வேறு வழிகளில் கணக்கிட்டால் மிகக் குறைவாக வந்தது. மின்சாரமோ தாராளமாகப் பாய்ந்தது. துகள் குறைவு, கடத்தல் அதிகம், எப்படி? சோப்பு அயனிகள் தனித்தனியாக இல்லை, கூட்டம் கூட்டமாகச் சேர்ந்து, மின்னூட்டத்தைச் சுமந்துகொண்டே திரிகின்றன என்று 1913-ல் சொன்னார். அந்தக் கூட்டத்துக்கு மிசெல் என்று பெயர். ஒரே மாதிரி மின்னூட்டம் கொண்டவை ஒன்றையொன்று தள்ளாமல் கூடி நிற்குமா? அவர் லண்டனில் இதைச் சொன்னபோது கூட்டத் தலைவர் "அபத்தம், மெக்பெய்ன்" என்று வாயை அடைத்ததாக ஒரு கதை வேதியியலாளர்களிடையே உலவுகிறது.

மெக்பெய்னுக்கும் நம் நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1949-ல், கிட்டத்தட்ட அறுபத்தேழு வயதில், புனேவில் எழும்பிக்கொண்டிருந்த தேசிய வேதியியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநராக வந்தவர் இவர்தான். நேரு 1950 ஜனவரி 3-ஆம் தேதி திறந்து வைத்த ஆய்வகம் அது. 1952 வரை இருந்தார். அடுத்த வருஷம் காலமானார். அவருக்குப் பின் வந்தவர் ஜார்ஜ் ஃபின்ச், 1922-ல் ஆக்சிஜன் உருளையோடு எவரெஸ்ட்டில் ஏறிப் பார்த்த மலையேறி! 1957-ல் பொறுப்பேற்ற முதல் இந்திய இயக்குநர் சென்னையில் பிறந்த கே. வெங்கடராமன். பாஷாண் பக்கம் குடியிருக்கும் நம்மவர்கள் நிறையப் பேர் தினமும் அந்த மதிலைத் தாண்டித்தான் ஆபீஸ் போகிறார்கள். சொன்னால் ஆச்சரியப்படுகிறார்கள்.

மிசெல் என்றால் உருண்டையாக இருக்கும், எண்ணெய் வால்கள் உள்ளே, நீர் விரும்பும் தலைகள் வெளியே என்ற இன்றைய படத்தை 1936-ல் தெளிவாக வரைந்தவர் ஹார்ட்லி. அதற்கு இரண்டு வருஷம் முன்பே அவர் இன்னொன்றைக் கவனித்திருந்தார். சோப்பு வகைப் பொருள் கலந்த கரைசலில் நிறங்காட்டிகள் பொய் சொல்கின்றன. புரதக் கரைசலில் நிறங்காட்டிகள் தடம் மாறுவதைச் சோரன்சன் ஏற்கெனவே எழுதியிருந்தார். ஹார்ட்லி அதற்குக் காரணம் சொன்னார்: எதிர் மின்னூட்டம் கொண்ட மிசெல் நேர் அயனிகளைத் தன் பக்கம் இழுக்கிறது, நேர் மின்னூட்டம் கொண்டது எதிர் அயனிகளை இழுக்கிறது. மிசெல்லின் மேற்பரப்புக்கு அருகே உள்ள பிஹெச்சும் நடுக்கரைசலின் பிஹெச்சும் ஒன்றல்ல. ஒரே டம்ளருக்குள் இரண்டு ஊர்.

உலோகத்துக்கும் இதே கதிதான். ஷாம்பூவில் இருக்கும் சோடியம் லாரில் சல்ஃபேட் (லிட்டருக்கு 8 மில்லிமோல் தாண்டினால் மிசெல் கட்டும், ஒரு கூட்டத்தில் சுமார் 60 பேர்) எதிர் மின்னூட்டம் கொண்டது. செம்பு, நிக்கல் அயனிகள் அதன் தோலில் போய் மொய்க்கும். 1978-ல் ஜேம்ஸ், ராபின்சன் என்ற இருவர், ஒரு நிறப்பொருள் நிக்கலைப் பிடிக்கும் வேகம் இந்த மிசெல் முன்னிலையில் பல மடங்கு கூடுவதைக் காட்டினார்கள். இரண்டு பேரும் ஒரே குறுகிய சந்தில் மாட்டிக்கொண்டால் சீக்கிரம் சந்தித்துத்தானே ஆக வேண்டும்.

அமினோ அமிலத்தை வைத்து இந்தக் கேள்வியைச் சளைக்காமல் கேட்டவர்கள் நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் இருக்கிறார்கள். விசாகப்பட்டினத்து ஆந்திரப் பல்கலைக்கழகத்திலிருந்து கட்டுரை கட்டுரையாக வந்திருக்கிறது: ஓர் அமினோ அமிலம், கோபால்ட் அல்லது நிக்கல் அல்லது செம்பு, எதிர் மின்னூட்டம், நேர் மின்னூட்டம், மின்னூட்டமே இல்லாதது என்று மூன்று வகைச் சோப்புகள், ஒரு பிஹெச் மீட்டர், கணக்குப் போட மினிகுவாட்75 என்ற கணினி நிரல். அலிகாரில் வேறு மாதிரி: அமினோ அமிலத்தைப் பிடித்த உலோகத்தோடு நின்ஹைட்ரின் சேர்ந்து ஊதாவாகும் வேகம் மிசெல்லில் எவ்வளவு கூடுகிறது என்று. காகிதத்தில் கைரேகை எடுக்க உதவுவது அதே ஊதாதான்.

"இன்னொரு உப்பு, இன்னொரு அமிலம், இன்னொரு முனைவர் பட்டம்" என்று இந்த வகை ஆராய்ச்சியைக் கிண்டல் செய்வதை நானே காதால் கேட்டிருக்கிறேன். கிண்டலில் கொஞ்சம் உண்மை உண்டு. அட்டவணைகள் பெருகிய அளவுக்கு யோசனைகள் பெருகவில்லை என்பது என் கட்சி. ஆனால் வேலை சுலபம் என்று நினைப்பவர்கள் ஒருநாள் செய்து பார்க்கட்டும். லாரில் சல்ஃபேட் கரைசலில் வழக்கம்போலப் பொட்டாசியம் குளோரைடு போட்டால் பொட்டாசியம் உப்பாகத் திரிந்து வெள்ளையாக வீழ்படிந்துவிடும். போடாவிட்டாலும் மின்வாய்க்குள் இருக்கும் பொட்டாசியம் கசிந்து அதன் நுண்துளையை அடைக்கும். மீட்டர் சாவகாசமாக ஊர்சுற்றும். கரியமில வாயு உள்ளே வராமல் நைட்ரஜன் ஊத வேண்டும். ஊதினால் நுரை பொங்கும். இவ்வளவுக்கும் நடுவில் பிஹெச்சின் இரண்டாம் தசம இலக்கத்தை நம்ப வேண்டும்.

கிடைத்த பதிலும் ஒற்றை வரிப் பதில் இல்லை. மிசெல்லின் தோலருகே தண்ணீரின் இயல்பு மாறிப்போகிறது, மின்னூட்டங்களைப் பிரித்து வைக்கும் சக்தி குறைகிறது. அதனால் மின்னூட்டம் இல்லாத சேர்க்கைகளுக்கு அங்கே ஆதரவு. இன்னொரு பக்கம், மிசெல் தன் எதிர் இனத்தை இழுத்துத் தன் இனத்தைத் தள்ளுகிறது. இரண்டு விசைகளும் இழுபறியில் இருப்பதால் பிடி சில நேரம் இறுகும், சில நேரம் தளரும். கிளைசின் போன்ற நீர்விரும்பிகள் வெளியிலேயே நின்றுவிடும். எண்ணெய்த்தன்மை உள்ள பினைல்அலனின், டிரிப்டோபான் போன்றவை மிசெல்லுக்குள் நுழைந்து பார்க்கும். மொத்தத்தில், தண்ணீரில் அளந்த எண்ணை எடுத்துக்கொண்டுபோய் அப்படியே உடம்பில் ஒட்ட முடியாது.

இனி உடம்புக்கு வருவோம். ரத்தத்தில் செம்பின் ஒரு பங்கு அமினோ அமிலங்களோடு, குறிப்பாக ஹிஸ்டிடினோடு, சேர்ந்து பயணம் செய்கிறது என்று 1960-களில் டொரான்டோவில் காட்டியவர்களில் பிபுதேந்திர சர்க்கார் முக்கியமானவர். செம்பு போதாமல் குழந்தைகளை வாட்டும் மென்கீஸ் நோய்க்குச் செம்பு-ஹிஸ்டிடின் ஊசி வந்தது இந்த வழியில். செம்பு மிஞ்சிப்போனால் வருவது வில்சன் நோய். கல்லீரலும் மூளையும் கெடும். ஜான் வால்ஷ் என்ற ஆங்கில மருத்துவர் கல்லீரல் நோயாளிகளின் சிறுநீரில் அமினோ அமிலங்களைத் தேடிக்கொண்டிருந்தார். பெனிசிலின் போட்டுக்கொண்டவர்களின் சிறுநீரில் ஒரு புதிய அமினோ அமிலம் தென்பட்டது: பெனிசிலமின். பிறகு பாஸ்டனில் ஒரு வில்சன் நோயாளியைப் பார்க்கும்போது அதன் அமைப்பு நினைவுக்கு வந்தது. கந்தகம் ஒரு பக்கம், நைட்ரஜன் ஒரு பக்கம், செம்பைக் கவ்வ வாகான கொடுக்கு. முதலில் தானே விழுங்கிப் பார்த்தார். 1956-ல் வெளியிட்டார். செம்பு சிறுநீரில் கொட்டியது. அதுவரை கைவிரித்த நோய்க்கு வாயால் சாப்பிடும் மருந்து வந்தது. வால்ஷ் நூறு வயதைத் தாண்டி வாழ்ந்து 2022-ல் மறைந்தார்.

இப்போது பால். இந்தியாவில் ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைகளைக் கல்லீரல் சுருங்கிக் கொல்லும் நோய் ஒன்று இருந்தது. 1887-லேயே கல்கத்தாவில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரே வீட்டில் அடுத்தடுத்துக் குழந்தைகள் போவதுண்டு. அந்தக் காலப் பத்திரிகைகளில் ஜம்மி ஈரல் மருந்து விளம்பரம் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் எவ்வளவு பரவலாக இருந்தது என்று தெரியும். 1970-களின் கடைசியில்தான் அந்தக் கல்லீரல்களில் மலைக்க வைக்கும் அளவு செம்பு இருப்பது உறுதியானது. உலர்ந்த திசுவில் ஒரு கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டியது பல நூறைத் தாண்டியிருந்தது.

புனே கே.இ.எம். மருத்துவமனையின் ஷீலா பாவே, ஆனந்த் பண்டிட் ஆகியோரும் இங்கிலாந்தின் ஸ்டூவர்ட் டானரும் வீட்டு அடுக்களையைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார்கள். 1983-ல் அவர்கள் எழுதியது: தாய்ப்பாலைச் சீக்கிரம் குறைத்து, பித்தளையிலோ செம்பிலோ காய்ச்சி வைத்த மாட்டுப்பாலைக் கொடுத்த வீடுகளில் இந்த நோய் அதிகம்.

பாலுக்கு என்ன அப்படி? பாலின் கேசின் புரதம் அமினோ அமிலச் சங்கிலி. நீர் விரும்பும் பகுதியும் எண்ணெய் விரும்பும் பகுதியும் அதில் உண்டு. பாலுக்குள் அது உருண்டு திரண்டு நிற்கும் கூட்டத்துக்கும் மிசெல் என்றுதான் பெயர். சோப்பு மிசெல்லின் ஒன்றுவிட்ட தம்பி என்று வையுங்கள், அச்சு அசல் அதே அல்ல. வெறும் தண்ணீரைப் பித்தளையில் வைத்தால் கொஞ்சம் செம்பு கரைந்து, அந்த அளவோடு நின்றுவிடும். பாலில் நிற்பதில்லை. கரைகிற செம்பைக் கேசின் உடனுக்குடன் பிடித்துக்கொள்கிறது. தனியாகத் திரியும் செம்பு குறைவாகவே இருப்பதால் பாத்திரம் மேலும் மேலும் கொடுத்துக்கொண்டே இருக்கும். பால் திரியாது, பார்வைக்குக் களிம்பும் தெரியாது.

எல்லாக் குழந்தைக்கும் இது வரவில்லை. உடல்வாகிலும், மரபணுவிலும், ஏதோ ஒரு பலவீனம் இருந்தவர்களுக்குத்தான் என்று சொல்பவர்கள் உண்டு, அது சரியாகவும் இருக்கலாம். ஆஸ்திரியாவின் டைரோல் மலைக் கிராமங்களில் 1900 முதல் 1974 வரை இதே போன்ற நோயில் 138 குழந்தைகள் இறந்ததை 1996-ல் ஆராய்ந்து எழுதினார்கள். அங்கேயும் செம்புப் பாத்திரத்தில் காய்ச்சிய பசும்பால்தான். அங்கேயும் பரம்பரையின் கை தெரிந்தது. பாத்திரம் மாறியதும் நோய் மறைந்தது.

புனேவில் குழந்தைகளுக்கு வால்ஷின் பெனிசிலமினையே கொடுத்துப் பார்த்தார்கள். 1987-ல் முதல் முடிவுகள் வந்தன. முற்றிய நிலையில் வந்தவர்களைக் காப்பாற்ற முடியவில்லை. முன்னதாகவே வந்தவர்களில் சிலர் பிழைத்தார்கள். அதுவரை வந்தால் போயிற்று என்றிருந்த நோய் அது. 1996-ல் வெளியான தொடர் அறிக்கையில், பிழைத்தவர்கள் பள்ளிப் பிள்ளைகளாக வளர்ந்திருந்தார்கள்.

அதற்குள் எவர்சில்வர் ஊரெல்லாம் புகுந்துவிட்டது. பித்தளை அடுக்குகளை எடைக்குப் போட்டு எவர்சில்வர் வாங்கிய மாமிகளில் பெரும்பாலோருக்கு இந்த ஆராய்ச்சி எதுவும் தெரியாது, தேய்க்கக் கை வலிக்கிறது என்பதுதான் காரணம். 1990-களுக்குள் நோய் அபூர்வமாகிவிட்டது. இங்கே கஸ்பா பேட்டையில் தாம்பட் ஆளி என்று செம்பு தட்டுகிறவர்களின் தெரு இருக்கிறது. இப்போது மறுபடியும் செம்புப் பாத்திரத்துக்கு நல்ல கிராக்கி. அழகாகத்தான் இருக்கிறது, வாங்குங்கள். தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் பாலை மட்டும் எவர்சில்வரிலேயே காய்ச்சுங்கள்.